யாரும் தள்ளாத ஒரு சுற்று

ஞாயிறு, 2 ஜூன் 1996

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டி, வராமல் போனது.

அக்காவை இன்று முதன்முறையாக வெளியே கொண்டுபோனோம். ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் கணக்கில் சேராது. ஆயர் குரோ பக்கம் தாவரப் பூங்காவில், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்று தனிப் பாதை போட்டிருப்பதாகத் தங்கராஜு அண்ணன் சொன்னார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். எங்கள் வரிசையில் கடைசி வீடு. ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மா நிற்கும். "வாங்கலா, போய்ட்டு வருவோம். ஊட்டுலயே குந்தி அந்தப் புள்ள செவுத்தப் பாத்துக்கிட்டே இருந்தா, செவுத்துக்கே பைத்தியம் புடிச்சிரும்."

பாதை: சிமெண்டு. இரண்டு ஆள் அகலம். ஓரம் முழுக்க இடுப்பளவு இரும்புக் கம்பி. எங்கேயும் படி இல்லை. வாசலில் நீலப் பலகை, அதில் நாற்காலியில் உட்கார்ந்த வெள்ளை உருவம். தலை தனியாகவும் உடம்பு தனியாகவும் இருக்கும் அல்லவா, அந்தப் படம். அக்கா அதையே பார்த்தாள். "இவனுக்குக் கழுத்தும் போச்சு," என்றாள். ஏழு மாதத்தில் அவள் செய்த முதல் கேலி.

வாசலிலிருந்து நெல்லி மரம் வரை ஏற்றம். அப்புறம் மூங்கில் காட்டுக்குள் சமதளம். பிறகு குளத்துக்கு நீளமான இறக்கம். குளத்தோரம் வட்டமாக ஒரு சிமெண்டுத் தளம், இரண்டு பெஞ்சு. அங்கிருந்து வாசலுக்குச் சின்ன ஏற்றம். முழு வட்டம். நான்தான் தள்ளினேன். நாற்காலியின் வலது கால்தாங்கி கழன்று கழன்று விழுந்தது. ஆறு முறை குனிந்து மாட்டினேன். கனமான இரும்பு.

மூங்கில் பக்கம் குரங்குக் கூட்டம். பெரியது ஒன்று ஒரு குட்டியின் காதைக் கடித்து இழுத்தது. குட்டியின் கத்தல் ரம்பம்போல் இருந்தது. மற்றவை பேன் பார்த்துக்கொண்டிருந்தன. கடித்ததைவிடப் பேன் பார்த்தவற்றின் மேல்தான் எனக்குக் கோபம்.

ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இனி எழுத மாட்டேன். போன நவம்பர், மெர்லிமாவ், கடைவீட்டு மாடி. கருவாடு தீய்ந்துவிட்டது. அத்தான் அக்காவின் முடியைப் பிடித்துப் படிவரை இழுத்துவந்து இடுப்பில் உதைத்தார். பதினான்கு படி. முதுகெலும்பு. ஆஸ்பத்திரியில் அவரே கூட நின்று, துணி வாளியோடு வழுக்கி விழுந்தாள் என்றார். அக்காவும் தலையாட்டினாள். டிசம்பரில், வார்டில் வைத்து, என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா காதில் விழாததுபோல் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான்கு தண்ணீர் களைந்தார்.

அத்தான் என்று எழுதக் கை கூசுகிறது. இனி பெயரின் முதலெழுத்து மட்டும்: சே.

செவ்வாய், 4 ஜூன்

காலை ஷிப்ட். குருபோங் ஃபாக்டரியில் ஏசி கெட்டுவிட்டது. சோல்டர் முனை விரலில் பட்டு ஒரு புள்ளி வெந்தது. 

பஸ்ஸில் பின்சீட்டுப் பேச்சு:

"பொம்பளைன்னா கொஞ்சம் தாஹான் பண்ணிப் பொறுத்துக்கணும். எங்க ஊட்டுக்காரரு அடிக்காத அடியா?"

"அத ஏன் சிரிச்சிக்கிட்டே சொல்ற?"

"அழுதா இன்னும் ரெண்டு விழும்லா."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கிய பிறகு வாயைத் துடைத்துக்கொண்டேன்.

சே.யைக் கொல்லும் வழிகள்:
1. பாராங் கத்தி. (எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிற மாதிரி. கழுத்து அவ்வளவு கடினமில்லை.)
2. டுரியான் மரத்தடியில் தூங்கவைத்து, முள்பழம் தலையில் விழும்வரை காத்திருப்பது.
3. பதினான்கு படி. அதே படி.

நூலகப் புத்தகங்களில் கொலைகாரர்கள் நூறு பக்கம் யோசிக்கிறார்கள். எனக்கு மூன்று வரி போதுமாக இருந்தது.

புத்தகங்களைத் திருப்ப வேண்டும். சனிக்கிழமை கெடு.

ஞாயிறு, 9 ஜூன்

எஸ்டேட் கோயிலில் பஞ்சாயத்து. நாங்களும் சே. வீட்டாரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். எஸ்டேட்டை விட்டு எல்லாரும் போய்விட்டாலும் சண்டை வந்தால் அந்த மாரியம்மன் வாசலுக்குத்தான் திரும்புகிறோம்.

விஷயம்: சே.யின் தங்கைக்கு ஜாசினில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம், "மூத்த மருமக எங்க? மாடியிலருந்து தள்ளுனதா ஒரு பேச்சு இருக்கே?" பரிசம் போடுவதற்கு முன்னால் பேர் சுத்தமாக வேண்டும். மனைவி வீட்டில் இருக்க வேண்டும்.

கோயிலுக்கு மூன்று படி. மூன்றே மூன்று. நாற்காலியின் சக்கரம் கீழே மணலில் புதைந்து நின்றது. அக்கா கீழே, நாங்கள் எல்லாரும் மேலே.

கோயில் தலைவர்: "ஊர் வாய மூட உலமூடி இல்ல. தம்பி சூடம் அடிச்சி சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா பேச்சு முடிஞ்சிச்சு. பொண்டாட்டி புருஷன் வூட்டுக்குப் போயிரணும். சரிதானே?"

எல்லாரும் சரி என்றார்கள். அம்மாவும்.

பூசாரி சுற்றிலும் பார்த்தார். "யாராச்சும் தட்டப் புடிங்க. ஏ பாப்பா, நீ புடி."

பிடித்தேன். நீட்டினார், வாங்கினேன். அவ்வளவு சுலபமாக.

கீழேயிருந்து அக்கா கத்தினாள். "என்னையும் மேல தூக்குங்க! நானும் சொல்லணும்!"

"நீ எதுக்கு ஆத்தா? அங்கேயே இருந்து கும்பிட்டுக்க," என்றார் தலைவர்.

நான்கைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை, கோயிலில் சிரிக்கிற சிரிப்பு.

சே. சட்டைக் கையை மடித்தான். "இந்தத் தீ சாட்சி. நா என் பொண்டாட்டியத் தள்ளல. தள்ளியிருந்தா இந்தக் கை வெந்து போவட்டும்." உள்ளங்கையை ஓங்கி எரிகிற சூடத்தின்மேல் அறைந்தான். தட்டு என் கையில் அதிர்ந்தது. தீ அணைந்தது. கையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினான். கரி மட்டும். அந்தக் கரியை நெற்றியில் தீற்றிக்கொண்டான்.

கீழே டப் டப் என்று சத்தம். அக்கா சக்கரத்தின் ரப்பரை உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தாள்.

முடிவு: 23ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு சே. வந்து அழைத்துப்போவான்.

வேனில் அம்மா: "கையில ஒரு கொப்புளம்கூட இல்லையே, கமலா."

திங்கள், 10 ஜூன்

தட்டைப் பிடித்தது நான்.

மத்தியானம் அம்மா கடைக்குப் போனதும் அடுப்படியில் மூடியைக் கவிழ்த்துப் போட்டுச் சூடம் ஏற்றினேன். "நான் ஆண்," என்று சொல்லி அடித்தேன். சுடவில்லை. "நான் அக்காவைத் தள்ளினேன்." சுடவில்லை. "எனக்கு சே.யைப் பிடிக்கும்." சுடவில்லை. மூன்று பொய், ஒரு கொப்புளம் இல்லை. வேகமாக அடித்தால் தீக்கு நேரம் இருப்பதில்லை. அவ்வளவுதான் சங்கதி.

அம்மா வாசனை பிடித்து வந்தார். "என்னா பூஜ, திங்கக்கெழமையில?"

கையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "உனக்குப் படிச்சுப் படிச்சுத் திமிரு. அவரு அடிச்சது கோயில்ல. நீ அடிச்சது அடுப்பங்கரையில."

அக்கா நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழன், 13 ஜூன்

மழை. வாசல் மூழ்கியது. காயப்போட்ட யூனிஃபார்ம் நாறுகிறது.

அக்காவுக்குத் தலை வாரிவிடும்போது கேட்டேன், போகப்போகிறாயா என்று.

"அந்தப் பூங்காப் பாதைய ஒரு சுத்து நானே சுத்தணும். யாரும் தள்ளாம. வாசல்லருந்து வாசல் வரைக்கும்."

"சுத்திட்டா?"

"சுத்திட்டா போக மாட்டேன். முடியலன்னா போறேன். காலம்பூரா யாராச்சும் தள்ளித்தான் ஆகணும்னா, அது அவனா இருந்தா என்னா, நீயா இருந்தா என்னா?"

செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. நானும் அவனும் ஒன்றா? சீப்பில் முடி சிக்கியது. வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அவளுக்கு வலித்தது, எனக்குத் தெரியும்.

வேண்டுதலாம். தீமிதி, அலகு, காவடி எல்லாம் போய் சிமெண்டுப் பாதை.

ஞாயிறு, 16 ஜூன்

வெயில். கா. 9.

அக்காவுக்கு ஃபாக்டரி நூல் கையுறை கொடுத்தேன், விரல் நுனிகளை வெட்டிவிட்டு. முதல் ஏற்றத்தில் பாதிவரை போனாள். கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்தது. அங்கே நாற்காலி நின்றது. நின்ற சக்கரம் பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக் பிடிக்கத் தெரியாமல் கத்தினாள். நாற்காலி திரும்பிக் கம்பியில் மோதியது. நான் ஓடிப்போய் பிடித்தேன்.

அறைந்தாள். கன்னத்தில், முழுப் பலத்தோடு. "தொடாதேன்னு சொன்னேன்ல!"

மறுபடி பிடித்தேன். என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் தடம் இப்போதும் இருக்கிறது, மேலே நான்கு, கீழே மூன்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் புல்லில் உட்கார்ந்து அழாமல் இருந்தேன். தங்கராஜு அண்ணன் ஓரமாக நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சிகரெட் பிடித்தார்.

பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரம். பச்சைப்பாம்பு ஒன்று மூன்று துண்டானது. நடுத்துண்டு வெகுநேரம் நெளிந்தது.

பூங்காக் காவலர் வந்தார், வயதான மலாய்க்காரர். நாங்கள் பாக்சிக், மாமா, என்று கூப்பிட்டோம். தன் தம்பியும் நாற்காலியில்தானாம். நேராக ஏறாதே என்று காட்டிக்கொடுத்தார்: இடது கையால் கம்பியைப் பிடித்து இழு, வலது கையால் சக்கரத்தைச் சுற்று, மூச்சு வாங்கினால் முதலில் பிரேக்கைப் போடு, அப்புறம் மூச்சு வாங்கு. அவள் மூன்று முழம் ஏறிக் காட்டினாள். அதற்குள் மழை.

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு.

புதன், 19 ஜூன்

தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுச் சந்தில் பயிற்சி. மழைநீர்க் கால்வாய் ஓரக் கம்பியைப் பிடித்து இழுக்கிறாள். உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. மஞ்சள் எண்ணெய் வைக்கிறேன். அம்மா கேட்டார், "இதெல்லாம் எதுக்கு? அங்க போனா அவரு பாத்துக்குவாரு."

"பாத்துக்குவாரு," என்றாள் அக்கா. "நல்லாப் பாத்துக்குவாரு."

வெள்ளி, 21 ஜூன்

அம்மா பை கட்டுகிறார். இரண்டு பை. அக்காவின் சேலைகளை மடிக்கிறார். அவள் இனி எந்தச் சேலையைக் கட்டப்போகிறாள்? கைலியும் டி-சட்டையும்தான் போடுகிறாள்.

அக்கா அம்மாவிடம்: "அவரப் பூங்காவுக்கு வரச் சொல்லிருங்க. கொளத்துக்கிட்ட இருப்போம். அங்கேருந்தே ஏத்திக்கிட்டுப் போவட்டும்."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுக்குப் போய் ஃபோன் செய்துவிட்டு வந்தார்.

அப்புறம் அக்கா என்னிடம் மெதுவாக: "பாசார்லருந்து ஒரு பாக்கெட் சூடம் வாங்கிட்டு வா."

சாமி கும்பிடத்தான் என்று நினைத்தேன்.

ஞாயிறு, 23 ஜூன். சாயங்காலம்

எழுத்து கோணல்மாணலாக வரும். வலது கை தோள்வரை வலி.

கா. 8.30. ஏற்றம் தொடங்கினாள். நானும் தங்கராஜு அண்ணனும் பத்தடி பின்னால். நான்கு இடத்தில் நின்றாள். நிற்கும்போதெல்லாம் முதலில் பிரேக். நெல்லி மரத்தடிக்குப் போனதும் வாந்தி எடுத்தாள். துடைத்துக்கொண்டாள். மூங்கில் பகுதியில் எங்களைவிட வேகம். இறக்கத்தில் உள்ளங்கையையே பிரேக் ஆக்கினாள், கையுறை கருகும் வாசனை வந்தது. 9.40க்குக் குளத்தோரம். மீதி கடைசிச் சின்ன ஏற்றம் மட்டும்.

அண்ணன் சற்றுத் தள்ளிப் போய் சிகரெட் பற்றவைத்தார். சே. வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, சென்ட்.

"ஊட்ட வுட்டுட்டு கொளத்துல என்னாலா வேல? வா, அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

அக்கா மடியிலிருந்து சூடப் பாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். கீழே வைத்துக் கொளுத்தச் சொன்னாள். "தட்டு?" என்றேன். "இந்தத் தடவ யாரும் தட்டு புடிக்க வேணாம்," என்றாள்.

சிமெண்டின்மேல் வைத்தேன். காற்று. மூன்றாவது குச்சியில் பிடித்தது.

"இங்க படி கெடையாது," என்றாள் அவனிடம். "அன்னிக்கு நா கீழ இருந்தேன். இப்ப பக்கத்துல இருக்கேன். என் மூஞ்சியப் பாத்து, தள்ளலன்னு சொல்லி அடிங்க. அடிச்சிட்டா இப்பவே வந்துர்றேன்."

"பைத்தியமா நீ? ஒரு தடவ அடிச்சாச்சுலா."

"அடிங்க."

"சாமி இல்லாத எடத்துல என்னா சத்தியம்?"

"சாமி இல்லன்னா அப்புறம் என்னா பயம்?"

தீயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சப்பாத்துக் காலைத் தூக்கிச் சூடத்தின்மேல் வைத்துத் தேய்த்தான். தேய்த்துவிட்டு அக்காவை அறைந்தான். அதே உள்ளங்கை. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினான். அவள் இரண்டு சக்கரத்தையும் கெட்டியாகப் பிடித்தாள். அவன் முழு உடம்பையும் போட்டுத் தள்ளினான். கையுறை கிழிந்தது, அதற்கடியில் இருந்ததும் கிழிந்தது. அவள் விடவில்லை.

"தள்ளத்தான்டி தள்ளுனேன்! இன்னொரு தடவையும் தள்ளுவேன், என்னா பண்ணுவ? இந்தத் தடவ தண்ணியில!"

குளத்து விளிம்பில் முன்சக்கரம் இடித்தது. நாற்காலி கவிழ்ந்தது. அக்கா முகம் குப்புற சிமெண்டில் விழுந்தாள். கால்தாங்கி கழன்று என் காலடியில் வந்து கிடந்தது.

ஆறு முறை குனிந்து மாட்டிய அதே கால்தாங்கி. ஏழாவது முறை குனிந்தேன்.

முதல் அடி முழங்காலில். காய்ந்த மட்டை முறிகிற சத்தம். இரண்டாவது தோளில். மூன்றாவது வாயில், அப்போது அவன் என் பெயரைச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். நான்காவது முதுகில். அது தேவையே இல்லை, அவன் அதற்குள் ஊர்ந்துகொண்டிருந்தான். தேவையில்லாத அந்த அடிதான் இனித்தது. பிற்பாடு நானே இதை மறுக்கக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

அக்கா போதும் என்று சொல்லவில்லை. தரையில் ஒரு கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானாகத்தான் நிறுத்தினேன்.

தங்கராஜு அண்ணன் ஓடிவந்து மூச்சிரைக்க நின்றார். "கேட்டுச்சு கமலா. தள்ளுனேன்னு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு." பாக்சிக் வாக்கி-டாக்கியில் யாரையோ கூப்பிட்டுவிட்டு வந்தார். சே.க்கு ஆம்புலன்ஸ்.

அக்காவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். மூக்குத் தோல் இல்லை. பாக்சிக் பரிதாபப்பட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். "ஜாங்கான், பாக்சிக்," என்றாள். வேண்டாம். அவர் கையை எடுத்துவிட்டார்.

கடைசி ஏற்றம். இடது கையால் கம்பி, வலது கையால் சக்கரம். கம்பி முழுக்க சிவப்புக் கைத்தடம். வலது காலுக்குத் தாங்கி இல்லை, பாதம் சிமெண்டில் இழுபட்டது. பெருவிரல் தேய்ந்து கோடு போட்டது. அவளுக்கு அது வலிக்காது. எங்களுக்கு வலித்தது. மூன்று பேரும் பின்னால் நடந்தோம். யாரும் தொடவில்லை.

வாசலில் அந்த நீலப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு," என்றாள்.

போலீஸ் நிலையம். இரண்டு படி. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள், பல்லெல்லாம் ரத்தம். உள்ளேயிருந்து ஒரு கோப்ரல் வந்தார், பார்த்தார், திரும்பிப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து படியிலேயே உட்கார்ந்து எழுதினார். என்னிடம் மட்டும் தமிழில் சொன்னதை அவரிடம் மலாயில் சொன்னாள், மூன்றே சொல்லில்: "டியா தோலாக் சாயா." அவன் என்னைத் தள்ளினான். நவம்பர், மாடி, பதினான்கு படி, எல்லாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடித்தார். "கொலகாரி! கொலகாரி!" என்று முதுகில், விளக்குமாற்றால். அடித்து ஓய்ந்து அக்காவின் கையைப் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு பைகளையும் அவிழ்த்துத் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தார்.

திங்கள், 24 ஜூன்

வேலைக்குப் போகவில்லை. மறுபடியும் போலீஸ் நிலையம், இந்த முறை எனக்காக. சே. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து என்மேல் புகார் கொடுத்திருக்கிறான். முழங்கால் சில்லு பிளவு. முன்பல் இரண்டு.

எதனால் அடித்தாய் என்றார்கள். கொண்டுபோயிருந்தேன், மேசைமேல் வைத்தேன். சீட்டு எழுதிக் கட்டி உள்ளே வைத்துக்கொண்டார்கள். எத்தனை அடி? நான்கு. அவன் அதிகம் சொல்கிறானே? எனக்குத் தெரியாது, நான் நான்குதான் அடித்தேன். எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார். இப்போதைக்கு வீட்டுக்குப் போ, கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். வழக்கு வரலாம். வேலை போகலாம்.

சே.யின் தங்கைக்குப் பரிசம் நின்றுபோனதாம். அந்தப் பெண் என்ன செய்தாள், பாவம்.

அக்காவின் வலது காலை அம்மாவின் பழைய சேலைக் கிழிசலால் நாற்காலியோடு கட்டியிருக்கிறோம்.

எனக்கு வருத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. பசிதான் வருகிறது.

புதன், 26 ஜூன்

மேகமூட்டம். உளுந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

சாயங்காலம் கோயில் தலைவர் வந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா காப்பி கொடுத்தார். அக்கா வாசலுக்கு வெளியே நாற்காலியில், எங்களுக்கு முதுகைக் காட்டி.

"நடந்தது நடந்துபோச்சு," என்றார். "போலீஸு கோர்ட்டுன்னு போனா ரெண்டு ஊட்டுக்கும் மலு, மானக்கேடு. நாம நம்ம கோயில்லயே முடிச்சிக்குவோம். தம்பி முன்னாடியே சத்தியம் பண்ணிட்டாரு, அது அப்படியே இருக்கட்டும். இப்ப சின்னவ வந்து சூடம் அடிக்கட்டும், நா அடிக்கல, அவரு வழுக்கி வுழுந்துட்டாருன்னு. ரெண்டு ரிப்போட்டையும் வாபஸ் வாங்கிட்டா வேல முடிஞ்சிச்சு."

வழுக்கி விழுந்துவிட்டார்.

"சூடம் அடிக்கிறேன், அங்கிள்," என்றேன். "அடிச்சேன்னு சொல்லித்தான் அடிப்பேன். நாலு அடின்னு."

"திமிரா பேசாத பாப்பா. ஜெயிலுக்குப் போற வயசா உனக்கு?" அம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க, அண்ணி. பெரியவங்க சொன்னா கேக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அடிச்சிரு கமலா, கை சுடாது, நீதானே அடுப்படியில அடிச்சிப் பாத்த, என்று. எனக்குள் ஏதோ ஒன்று சரி சொல்லவும் தயாராக இருந்தது.

அம்மா கேட்டார்: "பெரியவள எப்படி மேல ஏத்துவீங்க?"

"யார?"

"சாந்திய. மூணு படி இருக்குல்ல?"

"அவ எதுக்கு மேல, அண்ணி? கீழ இருக்கட்டுமே."

கிளாஸில் பாதிக் காப்பி இருந்தது. அம்மா அதை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பின்கட்டில் காப்பியைக் கொட்டுகிற சத்தம், கிளாஸைக் கழுவுகிற சத்தம்.

தலைவர் எழுந்தார். வாசலுக்குப் போனார். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது. இன்னொன்றைத் தேடிக் குனிந்தார். அது அக்காவின் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

"கொஞ்சம் நவுருமா," என்றார்.

அக்கா பிரேக்கைப் போட்டாள்.